ஊசி, அபராதம், ஊர்வலம்

செப்டம்பர் 2021. நீலகிரி மாவட்டத்தில் ஓர் உத்தரவு வந்தது. டாஸ்மாக் கடையில் சரக்கு வேண்டுமா? கொரோனா தடுப்பூசி போட்டதற்குச் சான்றிதழ் காட்டு. இல்லையா, நடையைக் கட்டு.

தமிழ்நாடே சிரித்தது. ஆனால் அதே மாதத்தில் பாரிஸில் ஒரு காபி குடிப்பதற்கும் நியூயார்க்கில் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸில் சனிக்கிழமை தவறாமல் ஊர்வலம். என் உடம்பு, என் இஷ்டம் என்று ஒரு கோஷ்டி. உன் இஷ்டத்துக்கு நான் சாக வேண்டுமா என்று எதிர்க் கோஷ்டி. டி.வி.யில் பேசியவர்களெல்லாம் மறக்காமல் ஒரு வரி சொன்னார்கள்: சரித்திரத்தில் இப்படி நடந்ததே இல்லை.

நடந்திருக்கிறது சார். அச்சு அசலாக நடந்திருக்கிறது. பார்க்க வேண்டுமானால் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்குப் போகவேண்டும்.

எட்வர்ட் ஜென்னர் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1796, பால்காரப் பெண், மாட்டம்மை, எட்டு வயதுப் பையன். அதை விடுங்கள். அதற்குப் பிறகு ஐம்பது அறுபது வருடங்கள் அந்த ஊசியை எப்படிப் போட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். ஊசி என்று சொல்வதே தப்பு. கத்தி. குழந்தையின் கையில் சின்னச் சின்னதாகக் கீறி, இன்னொரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை அதில் தடவுவார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரவேண்டும். இப்போது உங்கள் குழந்தையின் கொப்புளத்தைக் கீறி, வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்கு எடுப்பார்கள். நம்மூரில் அம்மை குத்துவது என்று சொன்னார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

எந்தக் குழந்தையிடமிருந்து எந்தக் குழந்தைக்கு? அந்தக் குழந்தைக்கு வேறு ஏதாவது வியாதி இருந்தால்? பெற்ற வயிறு கேட்கத்தானே செய்யும். இந்தக் கைமாற்றில் சிபிலிஸ் பரவும் என்று தாய்மார்கள் பயந்தார்கள். அதெல்லாம் வதந்தி என்று பெரிய டாக்டர்கள் பல காலம் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். 1871இல் ஜொனாதன் ஹட்சின்சன் என்கிற லண்டன் டாக்டர் ஆதாரத்தோடு எடுத்துவைத்தார்: பரவியிருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் உண்மை.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோவிஷீல்டுக்கும் இதே கதிதான். மிக அபூர்வமாக ரத்தம் உறைகிறது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். நம்மில் பலருக்கு அது 2024இல், லண்டன் கோர்ட்டில் கம்பெனி ஒப்புக்கொண்டது என்கிற தலைப்புச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவும் வாட்ஸ்அப்பில். மூன்று வருடம் கழித்து வந்தால் உண்மைகூட, மறைத்துவைத்த குட்டு அம்பலமான மாதிரித்தான் தெரியும்.

சரி, இங்கிலாந்து.

1853இல் சட்டம் போட்டார்கள். குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் அம்மை குத்தியாக வேண்டும். 1867இல் அதை இறுக்கினார்கள். வயது வரம்பு பதினான்கு. அபராதம் ஒரு பவுண்டு வரை. ஒருமுறை கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். குத்தும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கட்டவேண்டும்.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஒரு பவுண்டு என்பது இருபது ஷில்லிங். அன்றைக்கு ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு வாரச் சம்பளமே ஏறக்குறைய அவ்வளவுதான். பணக்காரனுக்கு இது ஒரு சிகரெட் பெட்டிச் செலவு. சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போவான். அவன் குழந்தைக்குக் குடும்ப டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துப் பதமாகச் செய்வார். ஏழை கட்ட முடியாது. நாற்காலி, மேசை, படுக்கை எல்லாம் ஜப்தி. அதுவும் இல்லாதவனுக்குச் சிறை. சட்டம் எல்லாருக்கும் பொது, வலி மட்டும் ஒரு தரப்புக்கு. என்னைக் கேட்டால், தடுப்பூசி எதிர்ப்பு இயக்கத்தை வளர்த்துவிட்டவர் எந்தப் புரட்சிக்காரரும் இல்லை. திரும்பத் திரும்ப அபராதம் என்று எழுதிவைத்தாரே ஒரு குமாஸ்தா, அவர்தான்.

இப்போது லெஸ்டருக்கு வருவோம். எழுத்துக்கூட்டி லெய்செஸ்டர் என்று படித்தால் வெள்ளைக்காரன் சிரிப்பான். காலுறையும் செருப்பும் தயாரிக்கும் தொழிலாளர் நகரம். ஆரம்பத்தில் சமர்த்தாக அம்மை குத்திக்கொண்ட ஊர்தான். 1871, 72இல் பெரியம்மை வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 42,000 பேர் செத்துப்போனார்கள். லெஸ்டரும் தப்பவில்லை. குத்திக்கொண்டவனுக்கும் வந்ததே, பிறகு எதற்கு இந்தக் கத்தி என்று ஜனங்கள் கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருந்தது. ஒருமுறை குத்தினால் ஆயுசுக்கும் போதும் என்று ஜென்னர் நம்பினார். போதாது. வருடம் ஆக ஆக வீரியம் குறையும். ஜெர்மானியர்கள் இதைப் புரிந்துகொண்டு 1874இல், பன்னிரண்டு வயதில் இரண்டாவது முறை கட்டாயம் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அதாவது பூஸ்டர். இங்கிலாந்து கைக்குழந்தையோடு நிறுத்திக்கொண்டது. முதலில் ஒன்று போதும் என்று சொன்னவன் பிறகு இரண்டு என்றால் யார் நம்புவார்கள்? 2022 ஜனவரியில் நம் அரசாங்கம் மூன்றாவது ஊசியைக் கொண்டுவந்தபோது பூஸ்டர் என்ற வார்த்தையையே தொடாமல் 'முன்னெச்சரிக்கை தவணை' என்று பெயர் வைத்தது. பெயர் என்னவோ அழகுதான். கூட்டம்தான் வரவில்லை.

லெஸ்டரில் 1869இல் இந்தச் சட்டத்தில் மாட்டியவர்கள் இரண்டே பேர். 1881இல் ஆயிரத்துக்கும் மேல். ஜப்தி செய்த சாமான்களை ஏலம் விடப் போனால் அங்கே கூட்டம் கூடி ரகளை. 1885 மார்ச் 23ஆம் தேதி நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ஊர்வலக் கணக்கு எந்த ஊரிலும் அப்படித்தான். பாதியென்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கடல்தான். குழந்தையின் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜென்னரின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய மனிதர், செத்து அறுபத்திரண்டு வருடம் கழித்துத் தொங்கினார்.

அதற்குப் பிறகு அங்கே சட்டம் வெறும் காகிதம்தான். 1890களில் நூறு குழந்தைகளில் பத்துக்குக்கூட அம்மை குத்தவில்லை. ஊர் அழியப்போகிறது என்று லண்டன் டாக்டர்கள் எச்சரித்தார்கள்.

அழியவில்லை. ஏனென்றால் லெஸ்டர்காரர்கள் வெறுமனே கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1870களின் கடைசியிலிருந்தே அவர்களுக்கென்று ஒரு முறை உருவாகியிருந்தது. யாருக்காவது அம்மை கண்டால் உடனே நகராட்சிக்குத் தகவல் சொல்லவேண்டும். நோயாளியைத் தனி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். கூட இருந்தவர்களை இரண்டு வாரம் போல தனியே வைப்பார்கள். வீட்டைச் சுத்தம் செய்து, படுக்கை துணிமணியைக் கொளுத்துவார்கள். முக்கியமான விஷயம், தனிமையில் இருக்கும் நாட்களுக்கு இழந்த கூலியை நகராட்சியே கொடுக்கும். 2020இல் நாம் பார்த்த தகரத் தடுப்பையும் வாசலில் ஒட்டிய நோட்டீசையும் நினைத்துப் பாருங்கள். எல்லாம் வந்தது, கூலி மட்டும் வரவில்லை.

1892இல் பெரியம்மை மறுபடி வந்தது. ஏறக்குறைய ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 357 பேருக்கு நோய். 21 சாவு. பார்த்தீர்களா, ஊசியே வேண்டாம் என்று எதிர்ப்பாளர்கள் குதித்தார்கள்.

இருங்கள். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் யார்? பெரும்பாலும் மறுபடியும் அம்மை குத்திக்கொண்ட ஊழியர்கள். வேண்டாம் என்று மறுத்த ஒருசில ஊழியர்களில் நோய் தொற்றியவர்கள் உண்டு. நோயாளியோடு பழகியவர்களையும் குத்திக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தத்தான் செய்தார்கள். வாசலில் ஜென்னரைத் தொங்கவிட்ட ஊர், பின்கட்டில் அவரைத்தான் காவலுக்கு நிறுத்தியிருந்தது. இந்தப் பாதியை ஊர்வலக்காரர்கள் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு ஊரும் லெஸ்டரைப் பார்த்துக் கத்தியைக் கைவிட்டது. க்ளாஸ்டர். ஜென்னரின் சொந்த மாவட்டத்துத் தலைநகரம்! ஆனால் ஆஸ்பத்திரி ஏற்பாடு சரியில்லை, கண்டுபிடித்துத் தனிமைப்படுத்துவதில் வேகமில்லை. 1895, 96இல் பெரியம்மை நுழைந்தது. சுமார் 40,000 பேர் ஊரில் ஏறத்தாழ 2,000 பேருக்கு நோய். 434 சாவு. அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அதுவரை மாட்டேன் என்று நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் வந்து கையை நீட்டினார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே ஒரு ராயல் கமிஷன் ஏழு வருடம் உட்கார்ந்து சாட்சி கேட்டுக்கொண்டிருந்தது. 1896இல் சொன்னது: தடுப்பூசி பலன் தருகிறது, ஆனால் திரும்பத் திரும்ப அபராதம் போடுவதை நிறுத்துங்கள். 1898இல் புதுச் சட்டம். குழந்தைக்குக் குழந்தை மாற்றும் பழக்கத்துக்குத் தடை. இனி கன்றுக்குட்டியிலிருந்து எடுத்த சுத்தமான மருந்து. பெற்றவர்கள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, மனசாட்சிப்படி இதை ஏற்க முடியவில்லை என்று அவரை நம்பவைத்தால் விலக்கு. அந்த வருட முடிவுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விலக்குகள். முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்தவர்களை 'மனசாட்சி மறுப்பாளர்' என்றார்களே, அந்தப் பெயர் இங்கிலாந்தில் முதலில் ஒட்டியது அம்மைக்கு மறுத்த அப்பாக்களுக்குத்தான்.

சான்றிதழ் விவகாரத்தை மறந்துவிடவில்லை. அது அமெரிக்காவில் சூடுபிடித்தது. 1900 வாக்கில் அங்கே பெரியம்மை சுற்றிக்கொண்டிருந்தபோது, கப்பலில் வந்து இறங்குபவர்கள் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டவேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டுச்சாவடிக்கும் தடுப்பூசிதான் பாஸ்போர்ட்டாக இருக்கவேண்டும் என்று சிகாகோ டாக்டர் ஒருவர் 1901இல் எழுதினார். ஆமாம், பாஸ்போர்ட் என்றே எழுதினார். உடனே போலிச் சான்றிதழ் வந்தது. ஆசிட்டால் கையைச் சுட்டுப் போலித் தழும்பு உண்டாக்கிக்கொண்டவர்களும் உண்டு.

1902இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் முடியாது என்றார். சின்ன வயதில் ஸ்வீடனில் போட்டுக்கொண்டு அவதிப்பட்டவர். அபராதம் ஐந்து டாலர். அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1905இல் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார். ஊர் நன்மைக்காகத் தனிமனித சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றது தீர்ப்பு. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1927இல் அதே கோர்ட் இதையே மேற்கோள் காட்டி, 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது. ஐந்து டாலர் அபராதத்துக்குத் திறந்த கதவு வழியாக எது உள்ளே வந்தது பாருங்கள்.

நம் சுப்ரீம் கோர்ட் 2022 மே மாதம் வேறு மாதிரி சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடமுடியாது. ஆனால் பொது நன்மைக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம். வழக்குப் போட்டவர் ஒரு குழந்தை மருத்துவர். பெயர் ஜேக்கப் புலியேல். அங்கே ஜேக்கப்சன், இங்கே ஜேக்கப்!

லெஸ்டர் வழி அதோடு செத்துப்போகவில்லை. 1966 கடைசியில் நைஜீரியாவில் தடுப்பு மருந்து போதாமல் தவித்த வில்லியம் ஃபீகி என்ற அமெரிக்க டாக்டர், ஊர் முழுக்கப் போடுவதை விட்டுவிட்டு, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் போட்டார். அங்கே நோய் அடங்கியது. லெஸ்டரின் தேடுதல் வேட்டையும் ஜென்னரின் மருந்தும் சேர்ந்த கூட்டணி. இந்தியாவில் 1975இல் பெரியம்மை ஒழிந்தது இப்படித்தான்.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகத்தின் கடைசி நோயாளி, 1977 அக்டோபரில், சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர். அலி மாவ் மாலின். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் குத்திக்கொள்ளாமல் நழுவியிருந்தார். காரணம் கேட்டதற்கு, பார்க்கவே வலிக்கிற மாதிரி இருந்தது என்றார். பிழைத்துக்கொண்டார். பல வருடங்களுக்குப் பிறகு போலியோ சொட்டு மருந்து வேண்டாம் என்று மறுக்கும் வீடுகளுக்குப் போய், தன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்கவைத்தார். 2013இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியா வந்து இறந்துபோனார்.