ஆண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கு மாறப்போறீங்களா? பழைய போனை கொடுக்கும் முன் இதை கவனிங்க!

ஆசையாக இஎம்ஐ போட்டு ஐபோன் வாங்கியாச்சு. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழைய ஆண்ட்ராய்டு போனையும் அழித்துக் கொடுத்தாச்சு. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பை திறந்தால் பழைய சாட் ஒன்றுகூட இல்லை! போன் மாறும் பலர் கடைசி நேரத்தில் சிக்கும் இடம் இதுதான். என்னென்ன கவனிக்கணும்? பார்க்கலாம்.

வாட்ஸ்அப் சாட் என்னாகும்?

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் சேமிக்கப்படுகிறது. ஐபோன் தன் பேக்கப்பை ஐகிளவுடில் வைக்கிறது. டிரைவில் உள்ள பேக்கப்பை ஐபோன் எடுத்துக்கொள்ளாது. "பேக்கப் இருக்கே" என்ற நம்பிக்கையில் பழைய போனை அழித்தால் சாட் போச்சு.

இதற்கான வழி, ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி. வாட்ஸ்அப் சாட்களை மாற்றும் வசதி இதில் 2022-ல் வந்தது. பழைய போனில் இதை இன்ஸ்டால் செய்து, புதிய ஐபோனை முதன்முறை செட்டப் செய்யும்போதே தகவல்களை மாற்ற வேண்டும். இரண்டு போனும் சார்ஜில் இருக்க வேண்டும். அதே மொபைல் எண்ணையே பயன்படுத்த வேண்டும். ஐபோனை ஏற்கெனவே செட்டப் செய்துவிட்டால், ரீசெட் செய்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவதே வழி.

காசு கொடுத்த ஆப்?

ப்ளே ஸ்டோரில் ஒருமுறை பணம் கட்டி வாங்கிய ஆப், ஆப் ஸ்டோரில் இலவசமாக கிடைக்காது. மறுபடியும் வாங்கணும். ஓடிடி, மியூசிக் போன்ற மாத சந்தாக்களுக்கு பெரும்பாலும் பழைய லாகின் போதும். ஆனால் ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்த தேவையில்லாத சந்தாவை ரத்து செய்ய மறக்காதீங்க. போன் மாறினாலும் பணம் பிடிப்பது நிற்காது.

ஜிபே, போன்பே?

இரண்டு தளத்திலும் இருக்கிறது. ஆனால் யுபிஐ சிம்முடன் இணைந்தது என்பதால், புதிய போனில் எஸ்எம்எஸ் மூலம் எண்ணை மீண்டும் சரிபார்க்கணும். எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸ் இருக்கா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாதுகாப்புக்காக தொடக்கத்தில் பணம் அனுப்பும் வரம்பு குறைவாக இருக்கும். வாடகை, ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நாளில் போனை மாற்றாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

ஸ்டோரேஜ் எவ்வளவு?

கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஐகிளவுடில் 5 ஜிபி மட்டுமே. போட்டோ அதிகம் எடுப்பவர்களுக்கு இது சீக்கிரமே நிரம்பிவிடும். கூகுள் போட்டோஸ் ஐபோனிலும் வேலை செய்யும் என்பதால் பழைய படங்களை அங்கேயே பார்க்கலாம்.

ஏபிகே ஃபைல்?

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை ஆண்ட்ராய்டில் இன்ஸ்டால் செய்ய முடியும். கல்யாண பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வரும் மோசடிகள் இந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன. ஏபிகே ஐபோனில் இயங்காது. அதற்காக ஐபோன் முழு பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். போலி லிங்க்கில் ஓடிபி-யை கொடுத்தால் எந்த போனாக இருந்தாலும் பணம் போகும்.

தமிழில் டைப் செய்யலாமா?

தாராளமாக! ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகள் உள்ளன. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல் சுலபமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று...

சாட், போட்டோ, கான்டாக்ட், பேங்க் ஆப் எல்லாம் புதிய போனில் சரியாக வந்ததா என்று ஒரு வாரமாவது பயன்படுத்திப் பாருங்க. அதன்பிறகு பழைய போனில் கூகுள் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து கொடுக்கலாம். கணக்கை நீக்காமல் கொடுத்தால் வாங்குபவருக்கு போன் லாக் ஆகிவிடும். எக்ஸ்சேஞ்சில் உடனே கொடுத்தாக வேண்டும் என்றால், தள்ளுபடி தொகையையும் உள்ளே இருக்கும் நினைவுகளையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.