சென்ட், குண்டா, அங்கணம்

ஆந்திராவின் குப்பம் வட்டாரத்தில் உள்ள குடுபல்லியில் வயலுக்கு விலை பேசுகிறவர்கள் சென்ட்டில் பேசுவார்கள். எல்லை தாண்டிக் கோலார் பக்கம் போனால் கணக்கு குண்டாவுக்கு மாறிவிடும். தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால் பேச்சில் சென்ட், பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும்.

இது பழைய ஆட்சிகள் விட்டுப்போன தடம். குப்பம் வட்டாரம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1911 ஏப்ரல் 1-ல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு போனபோது சென்ட்டும் கூடவே போயிற்று. கோலார், மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது; அங்கே குண்டா நிலைத்தது.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்த 66 அடிச் சங்கிலியால் அளந்தால், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்: 43,560 சதுர அடி. அதை நூறாகப் பிரித்தால் சென்ட், 435.6 சதுர அடி. நாற்பதாகப் பிரித்தால் குண்டா, 1,089 சதுர அடி. அரைச் சங்கிலிக்கு அரைச் சங்கிலி, அதாவது 33 அடிக்கு 33 அடி. ஆகவே வயல் கணக்கில் தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இரண்டு குண்டா என்றால் ஐந்து சென்ட்.

வீட்டு மனைக்கு இந்த வழி உதவாது. திருப்பதியில் மனையை அங்கணத்தில் சொல்வார்கள். அங்கே ஓர் அங்கணம் 36 சதுர அடி, நெல்லூரிலோ 72. அறுபது அங்கண மனை திருப்பதியில் 2,160 சதுர அடி, நெல்லூரில் 4,320. 2022-ல் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்பேட்டை பகுதிகளும் அதில் சேர்ந்தன. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கணக் கணக்குப் போட முடியாமல் போனது. "எந்த ஊர் அங்கணம்?" என்று கேட்டுவிட்டு, சதுர கெஜத்துக்கு மாற்றுவதே சுலபம். திருப்பதி அங்கணம் நாலு சதுர கெஜம், நெல்லூர் அங்கணம் எட்டு. மிச்சமே வராது.

1956-ல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் கடைகளில் வீசைக் கல் போய்க் கிலோக் கல் வந்தது. நிலம் பேசுகிறவர்களின் வாயிலிருந்து மட்டும் பழைய அளவுகள் போகவில்லை. அதனால் எல்லையோரம் பத்திரம் எழுதும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனித்தாக வேண்டும். ஏர் என்பது 100 சதுர மீட்டர், குண்டா 101.17. வித்தியாசம் அற்பமாகத் தெரிவதால் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அப்படி நாற்பது குண்டாவை நாற்பது ஏர் என்று எழுதினால், ஏக்கருக்கு ஏறக்குறைய 500 சதுர அடி விட்டுப்போகும். ஒரு சென்ட்டுக்கும் மேல். சாலையோர நிலமென்றால் அந்த இடத்தில் ஒரு கடையே கட்டிவிடலாம்.