சிறுநுதல்

நெற்றியின்மேல் முடியைக் கத்தரித்து விழவிடும் பழக்கம் நம்மிடம் ஒரு கேள்வியாகவே வந்து சேர்ந்திருக்கிறது: பொருந்துமா? இந்தச் சொல் கவனிக்கத்தக்கது. ஜாதகத்துக்கும் ரவிக்கைக்கும் முகத்துக்கும் இதே சொல்தான். பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. பொத்தேரியிலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அழகு நிலையங்களில், கல்லூரி விடுதிப் பெண்கள் கொரியத் தொடர் நடிகையின் படத்தைக் கைபேசியில் காட்டி இதைத்தான் கேட்கிறார்கள். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டவரின் பெயரைத் தாங்கிய ஊரில் இதற்கு வழங்கும் பெயர் 'பேங்ஸ்'. இவர்களுடைய பாட்டிகள் காலத்தில் இது 'சாதனா கட்'.

சாதனா 1941இல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினையில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த சிந்திக் குடும்பம். 1960இல் ஆர்.கே. நய்யார் இயக்கிய 'லவ் இன் சிம்லா'வில் கதாநாயகி ஆனபோது, அவருடைய நெற்றி காமிராவுக்கு அகலமாக இருக்கிறது என்று ஒரு பிரச்சனை எழுந்தது. முதலில் நெற்றியோரத்தில் முடிப் பட்டை ஒன்றை ஒட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பிறகு ஆட்ரி ஹெப்பர்னை முன்மாதிரியாகக் கொண்டு முன்முடி வெட்டப்பட்டது. படம் ஓடியது, முடி அதைவிட அதிக தூரம் ஓடியது. நடிகையின் பெயரே வெட்டின் பெயராகி, 2015இல் அவர் இறந்த பின்னும் நிலைத்துவிட்டது.

இந்தக் கதையில் வழக்கமாக விடப்படும் பாதி ஒன்று உண்டு. அதே 1960இல் பிமல் ராயின் 'பரக்' படத்திலும் சாதனா நடித்தார். கிராமத்துப் போஸ்ட் மாஸ்டரின் மகள், வாரிக் கட்டிய தலை, திறந்த நெற்றி. அங்கே அந்த நெற்றி எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஒரே ஆண்டு, ஒரே நெற்றி, ஒரு படத்தில் குறை, மற்றொன்றில் முகம். அப்படியானால் அகலம் என்பது நெற்றியில் இருந்த அளவு அல்ல, பார்த்த கண்ணில் இருந்த அளவு. பிமல் ராய்க்கு வேண்டியிருந்தது ஒரு கிராமம். நய்யாருக்கு வேண்டியிருந்தது ஒரு நாகரிகம்.

முன்மாதிரியையும் சற்றுப் பார்க்கவேண்டும். 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே'யில் அரண்மனையிலிருந்து நழுவிவந்த இளவரசி, ரோமின் தெருவொன்றில் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்து நீண்ட கூந்தலை வெட்டச் சொல்கிறாள். வெட்டுகிறவன் தயங்குகிறான், அவள் தயங்கவில்லை. ஒரு நாள் சுதந்திரத்தின் முதல் காரியங்களில் ஒன்று அது. ஐரோப்பிய நகரத்தில் ஒரு பெண்ணின் தீர்மானமாக இருந்த வெட்டு, பம்பாய் ஸ்டுடியோவுக்கு வரும்போது ஒரு குறைக்கான சிகிச்சை ஆகிவிட்டது. கத்தரி ஒன்றுதான். பிடித்த கையும் சொன்ன காரணமும் வேறு.

சிகிச்சை என்பதால்தான் அது நம் வீடுகளுக்குள் நுழைய முடிந்தது என்று எனக்குப் படுகிறது. நடுத்தரக் குடும்பத்தில் புதிய பொருள் எதுவும் ஆசையின் பெயரில் வாசல்படி தாண்டுவதில்லை, தேவையின் பெயரில்தான் தாண்டும். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொன்ன பெண்ணுக்குக் கிடைக்காத சம்மதம், 'நெற்றி பெரிசா இருக்கும்மா' என்று சொன்னவளுக்குக் கிடைத்தது. தன் முகத்தில் ஒரு குறையை ஒப்புக்கொள்வதுதான் அவள் கட்டிய நுழைவுக் கட்டணம். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொதித்த தமிழ்நாட்டில் ஒரு இந்தி நடிகையின் பெயர் பெண்களின் தலையில் ஏறியிருந்ததில் முரண்பாடு ஏதுமில்லை. எதிர்ப்பு திணிப்புக்கு, முடி விருப்பத்துக்கு. 1964இல் சாதனா நடித்த 'வோ கௌன் தீ' இரண்டே ஆண்டில் ஜெயலலிதா நடிக்க 'யார் நீ?' என்று தமிழில் வந்தது. முகங்கள் இப்படித்தான் மொழி மாறிக்கொண்டிருந்தன.

பெரிய நெற்றி ஒரு குறை என்ற எண்ணம் பம்பாயில் பிறந்ததும் அல்ல. சங்கப் பாடல்கள் பெண்ணை விளிக்கும் அடைகளில் ஒண்ணுதல், நன்னுதல், வாணுதல் என்பவற்றோடு சிறுநுதலும் உண்டு. கோப்பெருஞ்சோழன் பாடியதாக உள்ள குறுந்தொகை 129இல், கூந்தலுக்கு அருகே விளங்கும் சிறிய நெற்றிக்கு உவமையாவது கடல் நடுவே தோன்றும் எட்டாம் நாள் பிறை. முழுநிலவு அல்ல, அரைநிலவு. மீதியைக் கருமை மறைத்திருக்கிறது. முடி நெற்றியை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் அழகு என்பதை அந்தப் புலவன் எந்த அழகு நிலையத்துக்கும் போகாமல் கண்டுகொண்டான். ஆக, நெற்றி முடியை அந்நிய மோகம் என்று ஒதுக்குபவர்களுக்கு மரபின் துணை இல்லை. ஆனால் அதைப் பெண்ணின் சுதந்திரம் என்று கொண்டாடுபவர்களுக்கும் இந்த மரபு முழுத் துணை தராது. அங்கேயும் பார்க்கிறவன் அவன்தான்.

ஆணின் நெற்றிக்கு இந்த விதி கிடையாது. பின்குடுமி வைத்தவர் தலையின் முன்பாதியை மழித்து நெற்றியை உச்சிவரை நீட்டிக்கொண்டார். அது மரியாதைக்குரிய தோற்றம். அகன்ற நெற்றி ஆணிடம் அறிவு, பெண்ணிடம் குறை. முடியை முன்பக்கம் கொண்டுவந்து முடிந்தவர்களும் உண்டு: சோழியர், சிதம்பரம் தீட்சிதர். அதுவும் அழகுக்காக அல்ல, இன்னார் என்று தெரிவதற்காக. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்ற பழமொழி, முடிக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணத்தைத் தேடும் நம் சுபாவத்தின் சாட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தேடல் சச்சரவாகவே ஆயிற்று. கிறிஸ்தவராக மாறிய தமிழர் குடுமியை வெட்டவேண்டுமா என்று மிஷனரிகளுக்குள் வாதம் நடந்தது. குடுமி இந்து மத அடையாளம், அது போகவேண்டும் என்றனர் ஒரு சாரார். கால்டுவெல் மறுத்தார். 1875இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி'யில் வெளிவந்த குடுமி பற்றிய கட்டுரையில், அது விக்கிரக வழிபாட்டின் சின்னம் அல்ல, சமூக வழக்கம் என்பது அவர் கட்சி. தமிழின் குடும்பத்தை ஒப்பிலக்கணத்தில் நிறுவியவர் தமிழனின் குடுமிக்கும் வக்காலத்து வாங்கினார். ஆனால் இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போயின. அந்தத் தலை எதைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பது தங்கள் வேலை என்றே இருவரும் நினைத்தார்கள்.

நெற்றி நம் சமூகத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. விபூதியும் நாமமும் சமயத்தைச் சொல்லின. பொட்டும் வகிட்டுக் குங்குமமும் புருஷன் இருப்பதைச் சொல்லின. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி இறங்குவதற்கு நேர்வகிடு வேண்டும், திறந்த நெற்றி வேண்டும். சில சாதிகளில் கணவன் இறந்தால் பொட்டு அழிக்கப்பட்டது, தலை மழிக்கப்பட்டது. பலகை துடைக்கப்பட்டது, அதுவும் ஒரு அறிவிப்பாக. விதியைக்கூட நாம் தலையெழுத்து என்றுதான் சொல்கிறோம். ரகசியம் எப்படித் தெரியும் என்று கேட்டால் 'நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?' என்கிறோம். இந்தப் பலகையின்மேல் விழும் நான்கு அங்குல முடி, நோக்கம் எதுவானாலும், வாசிப்பைச் சற்றுத் தடை செய்கிறது. 'முகத்துல விழற முடிய ஒதுக்குடி' என்று சொல்லும் பாட்டியின் எரிச்சலில் அழகியல் குறைவு, வாசிக்க முடியாமையின் பதற்றம் அதிகம்.

முகத்தைப் புகைப்படத்தோடு ஒப்பிடுவது வங்கிக் கவுண்ட்டரில் என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. எண்ணெய் வழிய வாரிய வகிடு படத்தில், நெற்றி முடி எதிரில். ஒரு நொடி தயக்கம். அடுத்து கண் தானாகப் படிவத்தில் 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டத்துக்குப் போகிறது. நெற்றி சொல்லத் தவறியதைப் படிவம் சொல்லிவிடுகிறது.

வெட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதற்கு நடைமுறை விடைகள் இல்லாமலில்லை. நீள முகத்துக்கும் அகன்ற நெற்றிக்கும் நெற்றி முடி உயரத்தைக் குறைத்துக் காட்டும். குட்டையான வட்ட முகத்தில் நேர்கோடாக வெட்டினால் முகம் மேலும் குறுகும், இரு பக்கமும் சரியவிட்டால் தேவலை. சுருள் முடி ஈரத்தில் ஒரு நீளம், காய்ந்தால் வேறு நீளம்; நனைத்து வெட்டி ஏமாந்தவர்கள் பலர். முன்நெற்றியில் சுழி இருந்தால் முடி சொன்னபடி கேட்காது. மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் முடி வளர்கிறது, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி வேண்டும். தலைக்கு எண்ணெயும் சித்திரை வியர்வையும் சேர்ந்தால் முடி நெற்றியில் ஒட்டும், பருவும் வரும். தொழிற்பேட்டையில் தலையுறைக்குள் முழு முடியையும் சொருகி நிற்கவேண்டிய பெண்ணுக்கும், ஹெல்மெட் மாட்டி இருபது கிலோமீட்டர் போகிறவளுக்கும் இது தினசரி வேலை ஒன்று கூடுதல். யோசித்துச் செய்யவேண்டியதுதான்.

ஆனால் கண்ணாடி விடை சொல்லக்கூடிய இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு முன், நெற்றி பெரிது என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரு தலைமுறைப் பெண்கள் குறை ஒன்றைச் சொல்லித்தான் இந்த முடியை வாங்கினார்கள். பேத்திகள் அந்தக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பிடித்திருக்கிறது என்பது போதுமான காரணம். பிடிக்காவிட்டால், அரை அங்குலம் அரை அங்குலமாக அது வளர்ந்துவிடும்.