மயக்கமும் மரப்பும்: காலறுவைக்கான ஊசிகளின் வரலாறு

சென்ற ஆண்டு என் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. "மயக்கம் கொடுத்துட்டுத்தானே ஆபரேஷன் பண்ணுவாங்க?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. முதுகில் ஊசி போடுவோம், நீங்கள் விழித்தே இருப்பீர்கள் என்று மருத்துவர் சொன்னதும் அஞ்சிப்போனார். மயக்கமின்றி அறுவையா என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தில் மொழிக்கும் பங்குண்டு. அறிவு மறைவது மயக்கம். ஓர் உறுப்பின் உணர்வு மட்டும் மறைவது மரப்பு. இரு சொற்களும் நம்மிடம் இருக்க, அனஸ்தீசியா முழுவதையும் 'மயக்க மருந்து' என்னும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டோம்.

ஈதரும் (1846) குளோரோஃபார்மும் (1847) அறிவை மறைத்தவை. அவற்றுக்கு 'மயக்கம்' பொருந்தும். 1884இல் கார்ல் கோலர் கோகெய்னால் கண்ணை மட்டும் மரக்கச் செய்தபோதே அச்சொல் போதாததாயிற்று. 1891இல் ஹைன்ரிஷ் குவிங்கே இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தித் தண்டுவடத் திரவத்தை எடுக்கும் முறையை விளக்கினார். இவ்விரண்டையும் இணைத்தவர் கீல் நகர அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். 1898 ஆகஸ்ட் 16 அன்று, கணுக்கால் மூட்டில் காசநோய் கண்ட ஒரு தொழிலாளிக்கு 15 மில்லிகிராம் கோகெய்னைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தி, வலியின்றி அறுவை செய்தார். ஆனால் அறுவைக்குப் பின் நோயாளிக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன.

காரணமறிய, ஆகஸ்ட் 24 அன்று பியர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். உதவியாளர் ஹில்டெப்ராண்ட் வைத்திருந்த மருந்துக்குழல் ஊசியோடு பொருந்தாமற் போகவே, திரவம் வீணாக வழிந்தது. பின்பு ஹில்டெப்ராண்டுக்குப் பியர் ஊசி போட்டார். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தும் அவருக்கு வலிக்கவில்லை. பியருக்கோ எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் நிவாரணம். இந்நிலை ஒன்பது நாள் நீடித்தது. திரவக் கசிவே காரணம் என்று அவர் கருதினார். பிற்காலத்து மெல்லிய ஊசிகளும், 1951இல் வந்த பென்சில்முனை ஊசியும் அத்தலைவலியைப் பெரிதும் குறைத்தன.

அடுத்த முறை எபிடியூரல். இதில் ஊசி உறையைத் துளைப்பதில்லை. மருந்து அதன் வெளியே தங்குகிறது. ஸ்பானிய இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் 1921இல் இதனை விரிவாக எழுதினார். 1923இல் விபத்தில் இறந்தார். கட்டுரை ஸ்பானிய மொழியில் இருந்ததால் வெளியே அதிகம் அறியப்படவில்லை. பத்தாண்டு கழித்து இத்தாலியர் டோலியோட்டி இதே முறையை விளக்கியபோதுதான் அது உலகறிந்தது. ஓர் அறிவு எந்த மொழியில் பிறக்கிறது என்பதும் அதன் வரலாற்றை முடிவுசெய்கிறது; தமிழில் ஆய்வெழுத எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில், ஒரே நாளில் முதுகு ஊசி பெற்ற இருவரின் கால்கள் செயலிழந்தன. மருந்துக் குப்பிகளின் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஃபீனால் கலந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. அன்றைய அறிவுநிலையில் அதனை முன்னறிய இயலாது என்று 1954இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஃபீனால் விளக்கத்தைப் பின்னாளைய ஆய்வாளர்கள் ஐயுற்றனர். எனினும் பிரிட்டனில் அந்த ஊசி நெடுங்காலம் ஒதுங்கியே கிடந்தது.

இனி ஒப்பீடு. தண்டுவட ஊசிக்குச் சிறிதளவு மருந்தே போதும். விரைவில் இரு கால்களும் அழுத்தமாக மரக்கும். ஆனால் இரத்த அழுத்தம் சரியக்கூடும். ஒருமுறை போட்டதன் காலமும் வரம்புக்குட்பட்டது. எபிடியூரல் மெல்லப் படியும், மருந்து மிகுதியாக வேண்டும். ஆனால் மெல்லிய குழாய் வழியே நீட்டிக்கலாம். நரம்புத் தடை ஒரு காலை மட்டும் மரக்கச் செய்யும். ஆயினும் காலுக்கு இடுப்புப் பின்னலிலிருந்தும் திரிகப் பின்னலிலிருந்தும் நரம்புகள் வருவதால், ஓரிடத்து ஊசி பெரும்பாலும் போதாது. முழங்கால் மூட்டு மாற்றத்தில், தொடை நரம்பை மேலே தடுத்தால் தொடைத்தசை தளர்ந்து நடை தடுமாறும். தொடையின் நடுவிலுள்ள அடக்டர் கால்வாயில் தடுத்தால் தசைவலிமை பெரிதும் எஞ்சும்.

அப்படியானால் முதியவரின் இடுப்பெலும்பு முறிவுக்கு மயக்கமா, மரப்பா? 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு 1600 பேரை இரு பிரிவாக ஒப்பிட்டது. 60 நாளில் இறந்தோர் அல்லது தாமாக நடக்க இயலாதோர் தண்டுவட ஊசிப் பிரிவில் 18.5 விழுக்காடு, முழு மயக்கப் பிரிவில் 18.0 விழுக்காடு. வேறுபாடு இல்லை எனலாம். எனவே தேர்வு என்பது நோயாளியின் உடல்நிலையோடு அவர் விருப்பத்தையும் பொறுத்தது. விருப்பத்தைக் கேட்க வேண்டுமெனில், இருவருக்கும் விளங்கும் சொல் வேண்டும்.

இறுதியில் பாட்டியிடம், "கால் மரத்துப்போகும் பாட்டி, நெடுநேரம் சம்மணமிட்டால் மரக்குமே, அதுபோல" என்றேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டிருந்தது 'மயக்க மருந்து' என்பதுதான். உங்கள் ஊர் மருத்துவமனைகளில் இந்த ஊசிக்கு வழங்கும் சொல் எது? மருத்துவ மாணவர்கள் எழுதினால் தொகுத்துக்கொள்வேன்.