நிலத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள்: பாலக்காட்டுக் கணவாயும் போர்க்காலக் கடற்படை வான்தளங்களும்

இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரித்தானியக் கடற்படையின் கப்பல் வரிசையில் 'எச்.எம்.எஸ். கருடா', 'எச்.எம்.எஸ். வைரி' என்னும் இரு பெயர்கள் காணப்படுகின்றன. இவ்விரண்டு கப்பல்களும் ஒருநாளும் நீரில் மிதந்ததில்லை. முதலாவது, 1942 முதல் 1946 வரை கோயம்புத்தூரின் பீளமேட்டில் இயங்கிய கடற்படை விமானப் பழுதுபார்ப்புத் தளம். இரண்டாவது, 1945இல் சூலூரில் நிறுவப்பட்டு அடுத்த ஆண்டே மூடப்பட்ட வான்தளம். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த இத்தளங்கள் ஏன் கப்பல்கள் எனப்பட்டன என்ற வினாவிலிருந்து, தென்னிந்தியப் போர்க்கால வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி திறக்கிறது.

விடை சட்டத்தில் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படையில் ஒருவரது ஊதியம், பதவி, தண்டனை, ஓய்வூதியம் அனைத்தும் அவர் எந்தக் கப்பலின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைந்தன. 1866ஆம் ஆண்டின் கடற்படை ஒழுங்குச் சட்டம் கப்பலையே அடிப்படை அலகாகக் கொண்டிருந்தது. எனவே கரையில் பணியாற்றுவோரையும் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரக் கரைத்தளத்திற்கும் கப்பற்பெயர் சூட்டுவது மரபாயிற்று. அத்தகைய தளங்களில் வாயிலைக் கடந்து ஊருக்குள் செல்வதைக்கூட மாலுமிகள் 'கரைக்குப் போதல்' என்றே சொல்வர். விமானப்படையின் பணியாளர் டிப்போ, ஆட்களை வரவேற்று, பதிந்து, வகைபிரித்து, தேவைப்படும் இடத்திற்கு அனுப்பும் நிலையம். கடற்படையில் அப்பணியின் உயிர்நாடியான பதிவேடு, கப்பலின் பெயரைத் தாங்கியிருந்தது.

கடற்படைக்குத் தனி வான்தளங்கள் தேவைப்பட்டதற்கும் காரணமுண்டு. 1918 முதல் கப்பல்வழி விமானங்கள் விமானப்படையின் ஆளுகையில் இருந்தன. கடற்படை தன் வான்பிரிவின் முழுக் கட்டுப்பாட்டையும் 1939 மே மாதத்தில்தான் மீட்டுக்கொண்டது. அதன்பின் அதற்கெனத் தனி ஓடுதளங்களும், பழுதுபார்ப்பு நிலையங்களும், தொழில்நுட்பப் பணியாளர்களும் வேண்டியதாயிற்று.

கோயம்புத்தூரின் பக்கம் பார்வையைத் திருப்பியவை 1942 ஏப்ரல் மாதத்து நிகழ்ச்சிகள். ஏப்ரல் 5ஆம் நாள் சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. சென்னை நகரத்து மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். பிரித்தானியக் கீழைக் கடற்படையின் முதன்மைப் பகுதி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கிளிந்தினிக்குப் பின்வாங்கியது. கரையோரத்தில் அமையும் பழுதுபார்ப்பு நிலையம் எதிரியின் கப்பல்வழி விமானங்களுக்கு எளிதில் இலக்காகும் என்பது தெளிவாயிற்று.

பாலக்காட்டுக் கணவாய் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாக அமைந்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்துகிடக்கும் இவ்விடைவெளி வழியாக 1862 முதலே ரயில் ஓடியது. சொரணூர்-கொச்சிப் பாதை 1930களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டபின், கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கைக் கோயம்புத்தூர்ச் சமவெளிக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. பைக்காராவிலிருந்து மின்சாரம் கிடைத்தது. 1888இல் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், பட்டறைகளையும் வார்ப்படச் சாலைகளையும் வளர்த்து, இயந்திரம் அறிந்த தொழிலாளர்களை உருவாக்கியிருந்தது. பீளமேட்டில் 1940இல் பொது விமானநிலையமும் அமைந்துவிட்டது. துறைமுகம், ரயில், மின்சாரம், தொழில்திறன், மலையரண் ஆகிய ஐந்தும் ஒரே கோட்டில் இணைந்த இடங்கள் தென்னிந்தியாவில் அரிது.

இக்கோடு மூன்று ஆட்சி எல்லைகளைத் தொட்டுச் சென்றது. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய நிலப்பகுதியில் பெரும்பகுதி கொச்சி சமஸ்தானத்தைச் சார்ந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், பீளமேடும் சூலூரும் கோயம்புத்தூர் மாவட்டத்திலும் இருந்தன. கணவாயின் தென்பகுதியிலுள்ள சித்தூர் வட்டம், இன்றைய பெருமாட்டி ஊராட்சி அடங்கிய தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நிலப்பகுதி, சமஸ்தானத்தின் பிற பகுதிகளிலிருந்து விலகிக்கிடந்த கொச்சி மன்னரின் எல்லைக்குட்பட்டிருந்தது. இன்று தமிழ்நாடு, கேரளம் எனப் பிரிந்து நிற்கும் இரு பக்கங்களையும் போர் ஒரே பாதையின் இரு முனைகளாகப் பயன்படுத்தியது.

விமானந்தாங்கிக் கப்பலின் போர்த்திறன், கரையில் உள்ள பழுதுபார்ப்பு நிலையத்தைச் சார்ந்தது. ஆடும் தளத்தில் இறங்குகையில் சக்கரக்கால் முறியும், இறக்கை நசுங்கும், உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். எதிரியின் குண்டுகளால் சேதமாவதோடு, விபத்தாலும் தேய்மானத்தாலும் விமானங்கள் தொடர்ந்து பணியிலிருந்து விலகிக்கொண்டே இருக்கும். 1944 ஏப்ரலில் சபாங் மீதும் மே மாதத்தில் சுரபாயா மீதும் கீழைக் கடற்படை நடத்திய தாக்குதல்களுக்குப் பின்னே, எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர், மின்கம்பி இழுத்தவர், உதிரிப்பாகக் கிடங்கில் எண்ணிக்கை பார்த்தவர், எழுத்தர் எனப் பெரும் பின்புல உழைப்பு இருந்தது.

பெயர்கள் தனிக் கவனத்திற்குரியவை. கடற்படை வான்தளங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டும் பிரித்தானிய வழக்கம் இங்கே உள்ளூர் மொழிகளை நாடியது. தாம்பரத்துத் தளம் 'வல்லூறு'. கொச்சித் தளம் 'கழுகு'. சூலூர்த் தளம் 'வைரி'. மூன்றும் தமிழில் வழங்கும் வேட்டைப் பறவைப் பெயர்கள். இலங்கையில் புத்தளத்துத் தளம் 'ராஜாளியா' எனவும், கட்டுக்குருந்தைத் தளம் 'உக்குஸ்ஸா' எனவும் சிங்களப் பெயர் பெற்றன. விடுதலைக்குப் பின்னும் இம்மரபு தொடர்ந்தது: கொச்சியில் 1953இல் 'ஐ.என்.எஸ். கருடா', அரக்கோணத்தில் 1992இல் 'ராஜாளி', உச்சிப்புளியில் 2009இல் 'பருந்து'. இன்றைய கொச்சிக் கருடாவையும் போர்க்காலக் கோயம்புத்தூர்க் கருடாவையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பத்தை ஆய்வாளர் தவிர்க்க வேண்டும்.

தமிழ்ச்சொல் கப்பலின் பெயராயிற்று. தமிழ்த் தொழிலாளியின் பெயரோ மாலுமிகளுக்குரிய கப்பற்பதிவேட்டில் ஏறவில்லை. பதிவேட்டில் இருந்த மாலுமிக்கு எண், ஊதியம், விடுப்பு, பதக்கம் உண்டு. 1939-45 போர்ப் பதக்கம் 28 நாள் முழுநேரப் படைப்பணி செய்தோர்க்குரியது. ஓடுதளத்திற்கு மண் சுமந்தவரும் கொட்டகை எழுப்பியவரும் அந்த வரையறைக்கு வெளியே நின்றனர்.

பதிவேட்டுக்குள் இருந்தவர்களுக்கும் அது காப்பாக மட்டும் அமையவில்லை. போர் முடிந்ததும் வயது, பணிக்காலம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் விடுவிப்பு வரிசை எண் வழங்கப்பட்டது. வீடு திரும்புதல் தாமதமானதால் 1946 சனவரியில் கராச்சியின் டிரிக் சாலை நிலையத்தில் பிரித்தானிய விமானப்படையினர் வேலைநிறுத்தம் செய்தனர். அது ஆசியாவின் பல நிலையங்களுக்குப் பரவியது. பிப்ரவரி 18ஆம் நாள் பம்பாயில் வெடித்த இந்தியக் கடற்படையினரின் எழுச்சி 'தல்வார்' என்னும் கப்பலில் தொடங்கியதாகப் பாடநூல்கள் கூறும். தல்வாரும் நிலத்தில் நின்ற கப்பலே. அது செய்தித்தொடர்புப் பயிற்சிப்பள்ளி. உணவும் இனவேற்றுமையும் அங்கே மூண்ட சினத்தின் காரணங்கள். ஒருவரைப் படையோடு கட்டிவைத்த பதிவேடே, அவர் தம் உரிமையை எண்ணிப்பார்க்கும் அளவுகோலாகவும் ஆயிற்று.

சூலூர் ஓடுதளம் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. 1961 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். ஹன்சா' அங்கேதான் பணியில் அமர்த்தப்பட்டது. 1964இல் கோவாவின் தபோலிமுக்கு இடம்பெயர்ந்தது. பின்னாளில் விமானப்படையின் தேஜஸ் அணிகள் சூலூரில் அமைந்தன; ஒரு பழுதுபார்ப்பு டிப்போவும் அங்கே உள்ளது.

இவ்வரலாற்றை முழுமையாக எழுத விழையும் மாணவர் ஒரே ஆவணக்காப்பகத்தில் அமர்ந்து அதை முடித்துவிட இயலாது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் அரசாணைகள் எழும்பூரிலும், மலபார் ஆவணங்கள் கோழிக்கோட்டிலும், கொச்சி சமஸ்தானத்தின் கோப்புகள் எறணாகுளத்திலும் தேடப்பட வேண்டியவை. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடந்த நிலக் கையகப்படுத்தல், ஒப்பந்தக்காரர் கணக்கு, ரயில்வேயின் சரக்குப் பதிவு ஆகியவை கப்பற்பதிவேடு காட்டாத மனிதர்களைத் தேடுவதற்குரிய இடங்கள். மொழிவழி மாநில எல்லையோடு ஆய்வின் எல்லையையும் நிறுத்திக்கொண்டால், கணவாயின் ஒரு பக்கத்து மனிதர்கள் எப்போதும் மற்றப் பக்கத்து வரலாற்றின் அடிக்குறிப்பாகவே எஞ்சுவர்.