குடிக்கணக்கில் ஒடுங்கிய நெசவுத் தொழில்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மக்கள்தொகைப் பதிவேடுகளில், நெசவூர்களின் கணக்கெடுப்பாளர்கள் கைத்தறி நெசவாளரை ‘எச்.எல்.டபிள்யூ’ என்றும், பின்னல் தறியில் காலுறை பின்னுபவரை ‘எஃப்.டபிள்யூ.கே’ என்றும் சுருக்கி எழுதினர். வீடுவாரியான அந்தப் பதிவேடுகள் காக்கப்பட்டிருப்பதால், ஐயம் எழும் இடத்தில் அண்டை வீட்டின் பதிவோடும் அடுத்த கணக்கெடுப்போடும் ஒப்பிட்டுச் சுருக்கத்தை விரித்துவிட முடிகிறது. இந்தியாவிலோ, வீடுவீடாக நிரப்பப்பட்ட படிவங்கள் தொகுப்புப் பணி முடிந்தபின் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சிட்ட அட்டவணைகள் மட்டுமே. ஆகவே ஓசூர் வட்டாரத்தின் நெசவு வரலாற்றை ஆராய்பவர் விரிக்க வேண்டிய சுருக்கங்கள் எழுத்துகள் அல்ல, அட்டவணைத் தலைப்புகளே.

கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையாலும், ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலில் வரித்திட்டம் வகுத்த அக்காலத்தில், அரசின் கண்ணில் பட்டது நெசவாளரைவிடத் தறியே ஆகும். சோழர் கல்வெட்டுகளில் ‘தறி இறை’ எனப்படும் வரியும், கம்பெனி ஆட்சியில் ‘மோதுர்பா’ எனப்பட்ட தொழில்வரியும் நெசவாளரிடம் தறிகளைக் கணக்கிட்டே தண்டப்பட்டன. 1871இல் தொடங்கிய முறையான குடிக்கணக்கு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தறிக்குப் பதிலாக ஆளை எண்ணியது. ஆனால் தொழில் அட்டவணைகளை மாவட்ட அளவில் வெளியிட்டது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால், இவ்வட்டாரத்து நெசவாளர் தொகை சேலம் நகரத்துப் பெருந்தொகைக்குள் கரைந்துபோயிற்று.

ஒருவர் சொன்ன தொழில் அச்சேறுவதற்குள் பலமுறை சுருங்கியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ஓசூர்ப் பகுதியில் சொல்லப்பட்டதைக் கணக்கெடுப்பாளர் படிவத்தில் எழுதினார். 1901 முதல் ஒவ்வொருவரின் விவரமும், சமயத்துக்கு ஒரு நிறம் என்னும்படி அமைந்த தனித்தனிச் சீட்டுக்குப் பெயர்த்தெழுதப்பட்டது. அச்சீட்டுகள் தொழில்வாரியாகப் பிரிக்கப்பட்டு எண்ணப்பட்டன. 1891இல் 478 ஆக இருந்த தொழிற்பிரிவுகள் 1901இல் 520 ஆயின. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் பெர்த்தியோனின் வகைப்பாட்டைத் தழுவிய 1911இல் அவை 169 ஆகக் குறைந்தன. பஞ்சு நூற்றல், பாவுக்குக் கஞ்சி போடுதல், நெய்தல் ஆகிய மூன்றும் 1911இல் ஒரே பிரிவில் அடங்கியதால், பாவோடுபவரையும் தறியில் அமர்பவரையும் அந்த எண்ணிக்கையிலிருந்து பிரித்தறிய வழியில்லை. கூலிக்கு நெய்தவரும், சொந்தமாக நூல் வாங்கி நெய்தவரும் அதே பிரிவில்தான் நின்றனர்.

இந்தச் சுருக்கத்தின் விளைவை ஓசூர்ப் பகுதிக் குரும்பரின் கம்பளித் தொழில் தெளிவாகக் காட்டுகிறது. ஆடு வளர்த்தல், மயிர் கத்தரித்தல், நூற்றல், நெய்தல் என அனைத்தும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே நடக்கக்கூடிய தொழில் அது. பெண்கள் நூற்ற கம்பளி நூலை வெளியில் பாவாக நீட்டி, புளியங்கொட்டைக் கூழைத் தடவி, உலர்ந்து விறைப்பேறிய பின்னரே ஆண்கள் தறியில் ஏற்றினர். 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் படிவங்களில் முதன்மைத் தொழிலுக்கு ஒரு பத்தியும், துணைத் தொழிலுக்கு இன்னொன்றும், பிறரை அண்டி வாழ்வோர் யாருடைய தொழிலால் பிழைக்கின்றனர் என்பதற்கு மூன்றாவதும் இருந்தன. குடும்பத்தலைவர் ஆடு வளர்ப்பை முதன்மைத் தொழிலாகச் சொல்லியிருந்தால் அவர் வேளாண்மையும் கால்நடையும் சேர்ந்த வகுப்புக்குப் போய்விடுவார். நூற்ற மனைவி ‘அண்டி வாழ்பவர்’ எனக் குறிக்கப்பட்டால் அவருடைய உழைப்பு எந்தத் தொழிலிலும் சேராது. நெசவுப் பிரிவில் ஒருவர்கூட ஏறாத குடும்பத்தில் தறி ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.

பட்டுக்கும் இதே நிலைதான். பட்டுப்புழு வளர்ப்பவர் 1911 வகைப்பாட்டில் சிற்றுயிர் வளர்ப்போருடன் வேளாண்மைப் பக்கம் சேர்க்கப்பட்டார். கூட்டிலிருந்து நூல் எடுப்பவரோ நெசவுத் தொழிலாளராகக் கொள்ளப்பட்டார். சாதியைக் கொண்டு இந்த இடைவெளியை நிரப்புவதும் முழுத் தீர்வாகாது. தேவாங்கர், கைக்கோளர் போன்ற நெசவுச் சமூகத்தார் அனைவரும் தறியில் இருந்தவர் அல்லர். தறியில் இருந்தவர் அனைவரும் அச்சமூகத்தாரும் அல்லர்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னொரு கவனம் தேவை. 1891ஆம் ஆண்டுக் கணக்கு தொழிலால் பிழைப்போர் அனைவரையும், உழைப்பவர், அண்டி வாழ்பவர் என்று பிரிக்காமல் சேர்த்து எண்ணியது. 1901இல்தான் இருவரும் தனித்தனியாகக் காட்டப்பட்டனர். இந்த வேறுபாட்டைக் கருதாமல் இரண்டு எண்களை அருகருகே வைப்பவருக்கு, முறை மாறியதால் வந்த குறைவு நெசவின் வீழ்ச்சியாகத் தோன்றக்கூடும். ஆகவே இவ்வட்டாரத்துக்கு நெசவுப் பிரிவின் எண்ணிக்கையை மட்டும் எடுத்தாள்வது போதாது. கம்பளிப் பிரிவை ஆடு வளர்ப்போர் பிரிவோடும், பட்டுப் பிரிவைப் புழு வளர்ப்போர் பிரிவோடும், இவை அனைத்தையும் துணைத் தொழில் விவரங்களோடும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அவ்வாறு வாசித்தபின்னும் கிடைப்பது, நெசவைத் தம் தொழிலாகச் சொன்னவர்களின் தொகைதானே ஒழிய, நெசவில் உழைத்த கைகளின் முழுத் தொகை ஆகாது.