குறையும் பழுதும்

2005 ஜனவரியில் ஜப்பானின் வணிக இதழ் ஒன்று சோனியின் கென் குதராகியிடம் ஒரு பொத்தானைப் பற்றிக் கேட்டது. பிளேஸ்டேஷனின் தந்தை என்று அழைக்கப்படுபவர் அவர். அவருடைய புதிய கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பி கடைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வலப்பக்கத்து நான்கு பொத்தான்களில் சதுரக் குறி இட்டது மட்டும் அழுத்தத்துக்குச் சரியாக இணங்குவதில்லை, சிலவேளை உள்ளேயே சிக்கிக்கொள்கிறது என்று வாங்கியவர்கள் முறையிட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. 4.3 அங்குலத் திரை அந்தப் பொத்தானின் காலடிவரை வந்துவிட்டது. அதனால் பொத்தானுக்கு நேர் கீழே இருக்கவேண்டிய தொடுபுள்ளியைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தார்கள்.

திரையைச் சிறிதாக்கவும் விரும்பவில்லை, உடலைப் பெரிதாக்கவும் விரும்பவில்லை, இது நான் எண்ணிச் செய்த வடிவம் என்றார் குதராகி. உலகிலேயே மிக அழகான பொருளைச் செய்திருக்கிறோம், பேர்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்த வீட்டில் வாசல் இருக்கும் இடம் சரியில்லை என்று யாராவது குறை சொல்வார்களா என்பது அவருடைய பதிலின் சாரம். வாசலின் இடம் சரியில்லை என்பதற்காகவே கட்டிய சுவரை இடித்துக் கட்டும் மரபில் வந்த நமக்கு இந்த உவமை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

தமிழில் குறை என்று ஒரு சொல் இருக்கிறது, பழுது என்று இன்னொன்று இருக்கிறது. பேச்சில் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறோம். ஆனால் கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றைப் பார்க்க இந்த வேறுபாடு உதவும். குறை என்பது பொருளோடு பிறந்தது. கடையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரியும், விலையோடு சேர்த்து அதையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்குகிறோம். பழுது பிறகு வருவது. வாங்கும்போது அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. செய்தவருக்குத் தெரிந்திருக்கலாம்.

குறையை ஒரு கலையாகவே வளர்த்தவர் குன்பெய் யோகோய். 1965இல் நின்டெண்டோ நிறுவனம் விளையாட்டுச் சீட்டுகளைச் செய்துகொண்டிருந்த காலத்தில், அந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தவர். அதிவேக ரயிலில் ஒரு பயணி பொழுதுபோகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து தன் சட்டைப்பை விளையாட்டுக் கருவியின் எண்ணம் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, வாடிப்போனதை எடுத்து வேறு கோணத்தில் யோசி என்பது அவருடைய கொள்கை. அவர் பயன்படுத்திய ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் வாடியது என்றே மொழிபெயர்க்கிறார்கள். விளைந்து முற்றியது என்ற பொருளும் அதற்கு உண்டு. எல்லோரும் பழகிவிட்ட, விலை இறங்கிவிட்ட, எங்கே கைவிடும் என்று தெரிந்துவிட்ட தொழில்நுட்பம் அது.

1982இல் புத்தகம்போல மடிக்கக்கூடிய ஒரு கருவிக்கு 'டொங்கி கொங்' விளையாட்டைக் கொண்டுவரவேண்டி இருந்தது. விளையாட்டு மண்டபங்களில் இருப்பதுபோன்ற நெம்புகோலை வைத்தால் கருவியை மூட முடியாது. யோகோய் அதற்குத் தட்டையான ஒரு சிலுவை வடிவப் பொத்தானைச் செய்தார். நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாக அடியில் தொடுபுள்ளிகள். மேலே அழுத்தினால் 'ஆம்', விட்டால் 'இல்லை'. எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதையெல்லாம் அது அளக்காது. இதை ஒரு குறை என்று சொல்லலாம். ஆனால் அளக்காத ஒன்று தவறாக அளக்கவும் முடியாது. இந்தச் சிலுவையிடம் பிறகு திரும்பி வரவேண்டியிருக்கும்.

1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்த 'கேம் பாய்' குறைகளின் உச்சம். பாசிபிடித்த குளத்து நீரின் நிறத்தில் ஒரு திரை. அதில் நான்கு சாயல்கள்தான். திரைக்கு உள்ளிருந்து வெளிச்சம் கிடையாது. மாலையானால் ஜன்னலோரம் போகவேண்டும், இரவானால் விளக்கடிக்கு. வேகமாக ஓடும் உருவங்கள் பின்னால் புகைபோல வால் இழுத்துக்கொண்டு போகும். அதே ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்', அடுத்த ஆண்டு வந்த சேகாவின் 'கேம் கியர்' இரண்டுக்கும் வண்ணத் திரை, உள்ளிருந்து வெளிச்சம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை.

கணக்கைப் பார்ப்போம். கேம் பாய்க்கு நான்கு சிறிய பற்றறிகள் போதும். குறைந்தது பதினைந்து மணிநேரம் ஓடும். கேம் கியருக்கு ஆறு வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து மணிநேரத்தில் அவை தீர்ந்துவிடும். ஒரு வாரவிடுமுறையில் பன்னிரண்டு மணிநேரம் விளையாடும் பிள்ளைக்குக் கேம் கியர் பதினெட்டுப் பற்றறிகளைத் தின்னும். கேம் பாய் நான்கில் மிச்சம் வைக்கும். அமெரிக்காவில் கேம் பாய் 90 டொலர், லிங்க்ஸ் 180. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ புதிதாக வந்திறங்கி இரண்டு வேலை பார்த்த பெற்றோருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கவேண்டியிருந்திருக்காது. லிங்க்ஸை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஆர்.ஜே. மைக்கல் பிற்காலத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னார். முன்கூட்டிப் பரிசோதித்தவர்கள் கொடுக்கும் காசுக்குக் கருவி பெரிதாகத் தெரியவேண்டும் என்று விரும்பியதால், தேவைக்கு மேல் பெரிதாகச் செய்தார்களாம். உள்ளே வெற்றிடம். காசுக்கேற்ற கனம் வேண்டும் என்ற ஆசை ஜப்பானுக்கு மட்டுமல்ல, கலிபோர்னியாவுக்கும் புரியாத புதிர் போலிருக்கிறது.

கேம் பாயும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியை ஒட்டி நின்றது.

கேம் கியருக்கு ஒரு பழுதும் இருந்தது. அது வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின. உள்ளே பலகையில் ஒட்டியிருந்த சிறிய மின்தேக்கிகள் திரவம் நிரப்பப்பட்டவை. அந்தக் காலத்தில் செய்யப்பட்ட பல மின்தேக்கிகளைப்போல அவையும் கசியத் தொடங்கின. முதலில் சத்தம் மெலியும், பிறகு திரை மங்கும், கடைசியில் ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏதோ நிழல் ஆடும். கசிந்த திரவம் செப்புத் தடங்களையும் அரித்துவிடும். திறந்தவுடன் மீன் வாடை அடித்தால் நோய் என்னவென்று புரிந்துவிடும் என்பார்கள் திருத்துபவர்கள். இன்று பரணிலிருந்து எடுக்கப்படும் கேம் கியர்களில் மின்தேக்கி மாற்றாமல் நன்றாக இயங்குவது அபூர்வம்.

கேம் பாய்க்கும் பழுது உண்டு. திரைக் கண்ணாடியையும் மின்பலகையையும் இணைக்கும் மெல்லிய நாடா சூட்டினால் அழுத்தி ஒட்டப்பட்டது. காலப்போக்கில் அந்த ஒட்டு விடும். திரையில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாகக் காணாமல்போகும். ஆனால் இதற்கு வைத்தியம் எளிது. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அந்த ஒட்டின் மேல் மெதுவாக இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். முற்றிய தொழில்நுட்பத்தின் பயன் இதிலும் தெரிகிறது. அதன் பழுதுகூடப் பழகிய பழுது.

யோகோய் 1996இல் நின்டெண்டோவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு வீதி விபத்தில் இறந்துபோனார். வெளிச்சமில்லாத திரை அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. 2001இல் வந்த 'கேம் பாய் அட்வான்ஸ்' பல மடங்கு திறன் கொண்டது. வண்ணத் திரையும் இருந்தது. வெளிச்சம் மட்டும் இல்லை. வண்ணத்தை இருட்டில் வைத்துவிட்டார்கள். அதனோடு கூடவே வெளியான 'காசில்வேனியா' விளையாட்டு முழுக்கக் கோட்டையின் இருண்ட தாழ்வாரங்களில் நடப்பது. எதிரி எங்கே, சுவர் எங்கே என்று தெரியாமல் விளையாடினார்கள். 1989இல் நேர்மையான பேரமாக இருந்த ஒரு குறை, பன்னிரண்டு ஆண்டுகளில் சோம்பலாகிவிட்டது. அடுத்த ஆண்டே 'ஆஃப்டர்பேர்னர்' என்ற வெளிச்சத் தகட்டை வேறொரு சிறு நிறுவனம் விற்கத் தொடங்கியது. விலை 35 டொலர். வாங்கியவர் தானே கருவியைத் திறந்து, திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தூசியும் புகாமல் அதைப் பொருத்தவேண்டும். 2003இல் நின்டெண்டோவே வெளிச்சம் வைத்து, மடிக்கும் வடிவில் எஸ்பி மாதிரியைக் கொண்டுவந்தது. அதில் காதொலிப்பானுக்குத் துளை வைக்கவில்லை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுப்பது அவர்களுக்கு வழக்கம்.

நோக்கியாவின் 'என்-கேஜ்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2003இல் வந்த அந்தக் கைபேசியில் விளையாட்டை மாற்ற மூடியைக் கழற்றி, பற்றறியை வெளியே எடுக்கவேண்டும். கதைக்கும்போது அதன் விளிம்பைக் காதில் வைக்கவேண்டும். தெருவில் அப்படிக் கதைப்பவர் ஒரு பெரிய பூரியைக் காதில் குத்தி நிறுத்தியிருப்பதுபோலத் தெரிவார். அடுத்த ஆண்டே இரண்டையும் திருத்தி மறு மாதிரி வந்தது. சிரித்துவிட்டுக் கடக்கவேண்டிய அத்தியாயம்.

சிரிக்க முடியாதது ஜாய்-கான்.

2017 மார்ச்சில் நின்டெண்டோ 'ஸ்விட்ச்' கருவியை வெளியிட்டது. இரு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய சிறிய கட்டுப்படுத்திகள்தான் ஜாய்-கான். ஒவ்வொன்றிலும் பெருவிரலால் எல்லாத் திசைக்கும் தள்ளக்கூடிய ஒரு குட்டிக் கோல். யோகோயின் சிலுவையைப்போல 'ஆம், இல்லை' மட்டும் சொல்வதல்ல அது. எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதையும் சொல்லவேண்டும். அதற்காக உள்ளே கரிப்படலம் பூசிய சிறு தடமும், அதன்மேல் உரசிக்கொண்டு போகும் உலோகத் துண்டும் இருக்கின்றன. உலோகம் தடத்தின் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும்.

இது நம் வீட்டுக்குப் புதிய பொருளல்ல. பழைய வானொலியில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அந்தக் குமிழுக்கு உள்ளே இருப்பதும் இதுதான். உரசி உரசிக் கரி தேயும், தூள் சேரும், அளவு பிசகும். வானொலியில் அது கரகரப்பு. ஜாய்-கானில், யாரும் தொடாமலே திரையில் இருக்கும் ஆள் தானாக நடக்கத் தொடங்குவார். மெல்ல இடப்பக்கம் நகர்ந்து பள்ளத்தில் விழுவார். விளையாடும் பிள்ளை தன் கைதான் பிசகியது என்று முதல் சில வாரங்கள் நம்பும்.

இதே வகைக் கோல் மற்ற நிறுவனங்களின் கட்டுப்படுத்திகளிலும் உண்டு, அவையும் ஒருநாள் தேயும். ஆனால் ஜாய்-கான் மெலிதாக இருக்கவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் சுருக்கியிருந்தார்கள். மடிக்கும் கருவி மூடவேண்டுமே என்று 1982இல் யோகோய் எதிர்கொண்ட அதே பிரச்சினைதான். அவர் கோலையே கைவிட்டார். பின்வந்தவர்களால் கைவிட முடியவில்லை. முப்பரிமாண விளையாட்டுகள் அதைக் கேட்டன.

உரசாமல் அளக்கும் வழி இல்லாமலில்லை. கோலின் அடியில் ஒரு காந்தம், பக்கத்தில் அதன் புலத்தை உணரும் சில்லு. ஒன்றை ஒன்று தொடுவதில்லை, எனவே தேய்வதில்லை. சேகா தன் 'ட்ரீம்காஸ்ட்' கட்டுப்படுத்தியில் இதைத்தான் வைத்திருந்தது. அது தொண்ணூறுகளின் இறுதி. ஸ்விட்ச் வரும்போது அந்த முறைக்கு ஏறக்குறைய இருபது வயது. யோகோயின் கணக்கில் நன்றாகவே வாடி முற்றிய தொழில்நுட்பம்.

2019 ஜூலையில் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சில நாட்களில், கோல் பழுதானால் இலவசமாகத் திருத்திக்கொடுங்கள், பற்றுச்சீட்டுக் கேட்கவேண்டாம் என்று நின்டெண்டோவின் அமெரிக்க ஊழியர்களுக்கு உள்ளகக் குறிப்பு போனதாகச் செய்தி வெளியானது. பொது அறிவிப்பாக அது வரவில்லை. கேட்டவருக்குக் கிடைத்தது, கேட்கத் தெரியாதவர் ஒரு சோடிக்கு 80 டொலர் கொடுத்துப் புதிது வாங்கினார். அடுத்த ஆண்டு அந்த வழக்கு நீதிமன்றத்திலிருந்து நடுவர் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. கருவியை முதல்முறை இயக்கும்போது நாம் படிக்காமலே சம்மதம் சொல்லும் உடன்படிக்கையில் அப்படி எழுதியிருந்தது. 2020 கோடையில் நின்டெண்டோவின் தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகப் பங்குதாரர் கூட்டத்தில் சொன்னார். வழக்கு இருப்பதால் காரணத்தைப் பற்றிப் பேச முடியாது என்றார்.

2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு, ஏறக்குறைய 25,000 முறைப்பாடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தது. அவற்றில் 88 வீதமானவை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பழுதானவை. அதே ஆண்டு அக்டோபரில் நின்டெண்டோவின் பொறியியலாளர் கோ ஷியோதா நிறுவனத்தின் சொந்த நேர்காணலில் இதைப் பற்றி வாய்திறந்தார். வாகனம் ஓடும்போது டயர் தேய்வதைப்போல இதிலும் தேய்மானம் தவிர்க்க முடியாதது, ஒவ்வொரு முறையும் மேம்படுத்திக்கொண்டுதான் வருகிறோம் என்பது அவர் சொன்னது.

குதராகியின் வாசலைவிட இது பணிவான உவமை. ஆனாலும் டயர் தேய்ந்திருப்பதை வெளியே நின்று கண்ணால் பார்க்கலாம். எந்தத் தெருமுனைக் கடையிலும் மாற்றலாம். டயர் தேய்ந்ததற்காகச் சக்கரத்தையும் அச்சையும் சேர்த்து வாங்கும்படி யாரும் சொல்வதில்லை. தேயும் பகுதியை மாற்றும்படி செய்துவிட்டு இந்த உவமையைச் சொல்லியிருந்தால் அது குறையாக நின்றிருக்கும், பழுதாகியிருக்காது.

2023 வசந்தத்தில் ஐரோப்பிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் இலவசமாகத் திருத்தித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. 2025 ஜூனில் 'ஸ்விட்ச் 2' வந்தது. அதன் ஜாய்-கான்கள் இப்போது காந்தத்தால் கருவியோடு ஒட்டிக்கொள்கின்றன. கோல் புதிதாக வடிவமைக்கப்பட்டது, முன்னையதைவிடப் பெரியது, வழுவழுப்பானது என்கிறது நிறுவனம். உரசாமல் அளக்கும் காந்த உணரியை மட்டும் அதில் வைக்கவில்லை.

பழைய ஜாய்-கானின் பின்பக்கத்தில் நான்கு திருகாணிகள் உண்டு. அவற்றின் தலையில் மூன்று கால் வெட்டு. சாதாரணத் திருப்புளி அதில் உட்காராது. இணையத்தில் சில டொலருக்கு விற்கும் மாற்றுக் கோல்களை வாங்கினால், காந்த உணரி வைத்தவையும் அவற்றில் உண்டு, அந்த மூன்று கால் திருப்புளியையும் பெரும்பாலும் கூடவே வைத்து அனுப்புகிறார்கள். உள்ளே பற்றறியைத் தூக்கும்போது அதன் அடியில் இருக்கும் நாடாக்களைக் கவனிக்கவேண்டும். அவை மிக மெல்லியவை, அவசரப்பட்டு இழுத்தால் கிழிந்துவிடும்.